பச்சைத் தீவின் வயிற்றெரிச்சல்

வாசேமாதாவின் வயிறு எரியத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அரசுப் படகு வுனிசேயா தீவின் துறையில் வந்து நின்றபோது அதன் மேல்தளத்தில் ஆள் உயரத்துக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு குளிர்பெட்டி நின்றிருந்தது. சூரிய ஒளியில் ஓடுகிற தடுப்பூசிக் குளிர்பெட்டி. தீவின் ஒரே நர்ஸான அவள் அதைக் கேட்டுப் பதினொரு வருடமாக எழுதிய விண்ணப்பங்களை அடுக்கினால் அந்தப் பெட்டியின் உயரத்துக்கு வரும். சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, தூக்குவதற்கு நாலு ஆட்களைக் கூப்பிட்டாள்.

"தொடாதீங்க சிஸ்டர்," என்றான் படகோட்டி. "அது தோகாலவாவுக்குப் போகுது. உங்களுக்கு இதைக் குடுத்துவிட்டாங்க."

அவன் நீட்டியது சுருட்டிய போஸ்டர். பிரித்துப் பார்த்தாள். சிரிக்கிற கொசு ஒன்றின் படம். அதன் கீழே, 'வாழ்த்துகள்! உங்கள் தீவு பச்சை' என்று இருந்தது.

எந்தத் தீவுக்கு எந்த நோய் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வதற்காகத் தலைநகர் சுவாவில் ஒரு மையம் இருந்தது. வருமுன் அறியும் மையம் என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் எல்லாத் தீவுகளுக்கும் வண்ணம் அடிப்பார்கள். ஆபத்து அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் பச்சை. சிவப்புத் தீவுக்குச் சாமான் வரும். பச்சைத் தீவுக்கு வாழ்த்து வரும். போஸ்டரைக் குழந்தையின் கையில் குத்த முடியாது என்ற செய்தி மையத்துக்கு இன்னும் எட்டவில்லை.

வாசேமாதாவின் பழைய காஸ் குளிர்பெட்டி, மீன்பிடிக் கயிற்றால் கதவைக் கட்டி வைத்திருந்த பெட்டி, ஈஸ்டருக்கு முந்தின வாரம் உயிரை விட்டது. உள்ளே இருந்த தடுப்பூசி மருந்தும் கூடவே போயிற்று. குளிர்பெட்டி இல்லாத இடத்துக்கு மருந்து அனுப்ப மாட்டார்கள். தட்டம்மை ஊசி போடாத குழந்தைகள் தீவில் முப்பத்தொன்று. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு வெளிநாட்டுச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் வரும். அவர்கள் இருக்கிற நகரங்களில் தட்டம்மை சுற்றுகிறது என்று ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுவோம்: அன்றைக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் பெரிதாக இருந்தது. வேறெந்தத் தீவுக்காவது போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். தோகாலவாவின் நர்ஸ் லுசியானா. இவளோடு நர்ஸிங் படித்தவள், படிப்பில் இவளுக்கு இரண்டு இடம் பின்னால் வந்தவள். போதாததற்கு இரண்டு தீவும் ஒன்றுக்கொன்று தௌவு. ஒரே குலதெய்வத்தின் வழிவந்தவர்கள் என்பதால் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் கேலி பேசலாம், கேட்காமலே பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். எதற்கும் கோபப்படக் கூடாது என்பதுதான் முறை. பொறாமைப்படக் கூடாது என்று எந்த முன்னோரும் சொல்லிவைக்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே ரேடியோ டெலிபோன் அடித்தது.

"என்ன தௌவு, பச்சையாமே!" என்றாள் லுசியானா. "எங்க பாதிரியாரோட குதிரையை ஓட்டிவிடட்டா? மேயட்டும்."

"உங்க ஊருக்கு எப்படிடி சிவப்பு வந்துச்சு? எங்களைவிட உங்ககிட்ட ரெண்டு பன்னிதானே கூட?"

"மையத்துலேர்ந்து வந்தவங்க கேட்டாங்க, நாங்க ஆமான்னோம். அவ்வளவுதான். கடல் தாண்டி வந்தவங்க மனசு நோகலாமா? கொசு இருக்கான்னாங்க, இருக்குன்னோம். வௌவால் இருக்கான்னாங்க, இருக்குன்னோம். ஒட்டகம் இருக்கான்னாங்க."

"ஒட்டகமா?"

"அந்தக் கேள்வி ஃபாரம் வேற ஏதோ நாட்டுல அச்சடிச்சதாம். கேட்ட மனுஷன் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டே வந்திருக்கார். இல்லைன்னு சொன்னா முகம் வாடிடுமேன்னு எங்க தலைவர் 'இருக்கு'ன்னுட்டார். எத்தனைன்னு கேட்டாங்க. 'நேத்து வரைக்கும் ஆறு'ன்னார்."

தோகாலவாவில் நாலு கால் உள்ள பெரிய பிராணி என்றால் பாதிரியாரின் குதிரை ஒன்றுதான். அதற்கும் ஒரு கால் நொண்டி. ஆனாலும் மையம் தோகாலவாவின் ஒட்டகங்களைப் பற்றி நாற்பது பக்கத்தில் அறிக்கை தயாரித்தது. ஒட்டகத்தை யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்ப்பது அவர்கள் வேலையில்லை, மதிப்பிடுவதுதான் வேலை.

வாசேமாதா மறுமதிப்பீடு கேட்டு எழுதினாள். வியப்பாக, இரண்டே வாரத்தில் வருகிறோம் என்று பதில் வந்தது. மதிப்பிடுவதற்கு என்றால் மட்டும் அங்கே எல்லாம் வேகமாக நடக்கும். அவள் ஊரைக் கூட்டினாள்.

"உங்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிடறேன். அவங்க வர்ற அன்னிக்கு யாரும் பெருக்காதீங்க. பன்னியைக் கட்டாதீங்க. இருமல் வந்தா அடக்காம இருமுங்க."

ஊர்த்தலைவர் சமிசோனி இடிந்துபோனார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய ரோஷம். "என்ன சிஸ்டர் பேசறீங்க? விருந்தாளி வர்றப்ப முற்றத்தைப் பெருக்காம விடறதா? தோகாலவாக்காரன் காதுல விழுந்தா நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் சிரிப்பான்."

"குளிர்பெட்டி வேணுமா வேண்டாமா தலைவரே?"

"வேணும். அதுக்காக அழுக்கா இருக்க முடியுமா?"

கடைசியில் பெருக்குவதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். மதிப்பீட்டுக்குழு வந்த அன்று விடியற்காலை அவள் எழுந்து பார்த்தபோது மணல் முழுக்கத் தென்னந்துடைப்பத்தின் கோடுகள். பன்றிகளை மறுகரைக்கு ஓட்டிவிட்டிருந்தார்கள். கற்களுக்குக்கூட வெள்ளை அடித்திருந்தது. நாள் முழுக்க இருமுகிற விலியாமே கிழவரை, போய்த் தோட்டத்தில் இருமிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வாசேமாதா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் இசிகேலி படகிலிருந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு அட்டவணையைத் தூக்கிவந்தார்கள். ஐந்துக்கு ஐந்து கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணம். பானம் கரைப்பதற்காக விருந்தாளிகள் கொண்டுவந்த யங்கோனா வேர்க்கட்டை முறைப்படி ஊர்ப் பெரியவர் முன்னால் வைக்க, ஊரார் கைதட்டி வாங்கிக்கொண்டார்கள். பிறகு அட்டவணையைப் பெரியவருக்கும் மேலிடத்தில், தனிப் பாயில் கிடத்தினார்கள். அதைத் தாண்டக் கூடாது, அதன்மேல் நிழல் விழக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. டாக்டர் வேட்டிபோல் கட்டியிருந்த சூலுவின் நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நோய் வந்தப்புறம் மருந்தைத் தூக்கிட்டு ஓடறது பழைய காலம். நாங்க நோய்க்கு முன்னாடி ஓடறவங்க. இதுவரைக்கும் வரப்போகுதுன்னு எங்க மையம் சொன்ன நோய் இருநூத்திப் பதினாலு. அதுல ஒண்ணுகூட வரல. எங்க மதிப்பீட்டுக்கு அவ்வளவு சக்தி!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

"வந்த நோய் எதுவும் இல்லையா டாக்டர்?" என்று வாசேமாதா கேட்டாள்.

"வந்தது மூணு. அந்த மூணும் எங்க பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இல்லாத நோய்க்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"

அதற்கும் கைதட்டினார்கள். கேள்விகள் தொடங்கின.

"எலி?"

"ஏராளம்," என்றாள் வாசேமாதா.

"ஒண்ணுகூட இல்லைங்க," என்றார் சமிசோனி. "சிஸ்டருக்கு வேலைக் களைப்பு, ஏதோ சொல்றாங்க."

"தேங்கின தண்ணி?"

"எங்க பார்த்தாலும்."

"கடல் ஒண்ணுதாங்க தேங்கியிருக்கு. அதையும் தினம் ரெண்டு தடவை மாத்தறோம்."

"ஒட்டகம்?"

"இருக்கு!" என்று வாசேமாதா எழுந்தே நின்றுவிட்டாள். "ஏழு!"

சமிசோனியின் முகம் சிவந்தது. "தோகாலவாக்காரன் வீட்டு அசிங்கத்தை எங்க ஊர்ல வந்து ஏன் தேடறீங்க? அப்படிப்பட்ட பிராணியை நாங்க கரையிலேயே இறக்க விட மாட்டோம்."

"நர்ஸ்?"

ஊரே ஒரே குரலில் கத்தியது. "இருக்காங்க! தங்கமான நர்ஸ்!" பெண்கள் அவள் கன்னத்தில் பவுடர் பூசி, கழுத்தில் மாலை போட்டு, பாட்டே பாடிவிட்டார்கள். டாக்டர் இசிகேலி கண்கலங்கியபடி ஒரு கட்டத்தைத் தொட்டார். கரும்பச்சை.

"டாக்டர், முப்பத்தோரு பிள்ளைங்க தட்டம்மை ஊசி போடாம நிக்குது," என்று மாலைக்குள்ளிருந்து கெஞ்சினாள். "கிறிஸ்துமஸுக்குக் கப்பல் வருது. எனக்குத் தூக்கமே வரல."

"பயப்படறீங்களா? ரொம்ப நல்லது. பயப்படற நர்ஸ் இருக்கிற இடத்துல ஆபத்து குறைவு." அதற்கும் ஒரு பச்சைப் புள்ளி கூட்டிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமையே வாசேமாதா ஆறு ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு தோகாலவாவுக்குப் போனாள். எதிரே தெரிகிற தீவுதான், ஒரு மணி நேரப் பயணம். நேராக லுசியானாவின் மருந்தகத்துக்குள் நுழைந்தாள். குளிர்பெட்டி வந்த கோலத்திலேயே, ரிப்பன் கட்டியபடி நின்றது. திறந்துவைக்க வேண்டிய பெரியவர் ஒருவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம். ரிப்பனை நகர்த்தி உள்ளே பார்த்தால், ஒட்டகத்திடமிருந்து தள்ளி நிற்பது எப்படி என்ற துண்டுப் பிரசுரங்கள் சில்லென்று இருந்தன.

"தூக்குங்கடா," என்றாள்.

லுசியானா வாசலில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். சிரித்தே ஆக வேண்டும், தௌவு ஆயிற்றே. "எடுத்துக்கோ தௌவு, எடுத்துக்கோ! எங்க பல்லு நறநறங்குது, கேக்குதா? அது சிரிப்புச் சத்தம்தான்."

அன்று திரும்பும் வழியெல்லாம் வாசேமாதா பாடிக்கொண்டே வந்தாள். வாரக்கணக்கில் எரிந்த வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது. பெட்டியை மாட்டி, சூரியத் தகடுகளைக் கூரைமேல் வைத்து, உள்ளே கையை விட்டுச் சில்லென்று இருக்கிறதா என்று பத்துத் தடவை பார்த்தாள். பிறகு மருந்து கேட்டு எழுதினாள். பதிலுக்கு டாக்டரே டெலிபோனில் வந்தார்.

"சிஸ்டர்! குளிர்பெட்டியும் இருக்கு, நர்ஸும் இருக்கு. உங்க தீவுல ஆபத்து பூஜ்யம்! எங்க மையத்தோட சரித்திரத்துலேயே முதல் பூஜ்யம்! நாங்க இங்க கேக் வெட்டினோம்."

"தடுப்பூசி மருந்து எப்ப வரும் டாக்டர்?"

"எதைத் தடுக்க?"

அவள் காலிப் பெட்டியின் கதவைத் திறந்து பார்த்து மூடினாள்.

"பாவம் தோகாலவாதான்," என்று டாக்டர் தொடர்ந்தார். "குளிர்பெட்டி காணாமப் போயிருக்கு. சிவப்பு போதாதுன்னு அவங்களுக்காகக் கருஞ்சிவப்புன்னு புதுசா ஒரு கட்டமே வரைஞ்சிருக்கோம். ரெண்டு பெட்டி, ஒரு ஜெனரேட்டர், ஒரு படகு அனுப்பறோம். லுசியானா சிஸ்டரை ஹோட்டல்ல வெச்சு ஒரு வாரம் பயிற்சி."

வாசேமாதாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஹோட்டல் என்றால் நீச்சல்குளம் இருக்கும். லுசியானாவுக்கு நீந்தக்கூடத் தெரியாது.

மறுவாரம் உத்தரவு வந்தது. ஆபத்தே இல்லாத தீவில் நர்ஸ் இருப்பது மனிதவள விரயம் என்று மையம் பரிந்துரைத்திருந்தது. வாசேமாதாவைத் தோகாலவாவுக்கு மாற்றியாயிற்று. பிரிவு, ஒட்டகம். மேலதிகாரி, லுசியானா.

ஊரார் பாய் விரித்து, விருந்து வைத்து, அழுது அனுப்பினார்கள். அவளும் அழுதாள். அந்த அழுகையில் முப்பத்தொரு குழந்தைகளுக்கான பங்கு பாதி, லுசியானாவுக்குக் கீழே வேலை பார்க்கப் போவதற்கான பங்கு பாதி.

ஒட்டகப் பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பைனாகுலர். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணிக்கை அனுப்ப வேண்டும். முதல் வாரம் உண்மையாக 'இல்லை' என்று எழுதினாள். ஆறு ஒட்டகங்களும் எந்த நோயில் இறந்தன, எங்கே புதைக்கப்பட்டன, யார் யார் தொட்டார்கள் என்று பதினெட்டுக் கேள்விகள் திரும்பி வந்தன. அடுத்த வாரத்திலிருந்து ஆறு என்று எழுதினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. லுசியானா பயிற்சியில் கொடுத்த தொப்பியைத் தலையிலிருந்து கழற்றவே இல்லை. இரண்டு குளிர்பெட்டிகளில் ஒன்றில் தர்ப்பூசணி வைத்திருந்தாள்.

டிசம்பர் பிறந்தது. மையம் மறுபடி வண்ணம் அடித்தது. அந்த வாரமே அரசுப் படகு தோகாலவாவில் நிற்காமல் எதிர்த் தீவுக்குப் போனது. வாசேமாதா பைனாகுலரை எடுத்துப் பார்த்தாள். வுனிசேயாவின் துறையில் ஜெனரேட்டர் இறங்கிற்று. கட்டில் இறங்கிற்று. தண்ணீர்த் தொட்டி இறங்கிற்று. ஐஸ் வைத்த மருந்துப் பெட்டிகள் இறங்கின. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் சொந்த ஊரைப் பார்த்தே வயிறு எரிகிற நிலைக்கு ஒரு மனுஷி வந்துவிட்டாள்.

டாக்டரைக் கூப்பிட்டாள்.

"நர்ஸே இல்லாத தீவு சிஸ்டர்! ஆபத்து எவ்வளவு பயங்கரம்! நேரா சிவப்பு," என்றார் அவர்.

"அப்ப நான் திரும்பிப் போறேன் டாக்டர். நாளைக்கே போறேன்."

"நீங்க போனா நர்ஸ் வந்த மாதிரி ஆயிடும். பச்சை ஆயிடும். அப்புறம் அத்தனை சாமானையும் மருந்தையும் திருப்பி ஏத்தணும். ஊர் நல்லா இருக்கணும்னு நினைச்சீங்கன்னா அந்தப் பக்கமே போகாதீங்க."

அடுத்து சமிசோனி பேசினார். குரலில் பழைய மிடுக்கு இல்லை. "சிஸ்டர், எல்லாம் வந்திருச்சு. மருந்து பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து கதவைத் திறந்து காட்டினோம். காட்டினாப் போதுமா சிஸ்டர், குத்தணுமா?"

"குத்தணும் தலைவரே."

"இன்னும் ரெண்டு வாரத்துல கப்பல் வந்துரும்."

அவர் அழுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் தன் ஊரில் ஒன்று குறைகிறது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் டெலிபோனை வைத்துவிட்டு லுசியானாவிடம் போனாள்.

"நான் அங்க போகணும்டி. ஒரே நாள். மையத்துல கேட்டா என்ன சொல்வே?"

"ஒட்டகம் ஒண்ணு அறுத்துக்கிட்டு ஓடிருச்சு, தேடப் போயிருக்கான்னு சொல்றேன்." லுசியானா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "உனக்கு மட்டும்தான் வயிறு எரியும்னு நினைச்சியா? நாலு நாளா உங்க துறையிலயே கண்ணை வெச்சுட்டு நிக்கறேன். அந்த ஜெனரேட்டர் எங்களதைவிடப் பெரிசு. எங்க படகை எடுத்துட்டுப் போ. முப்பத்தோரு பிள்ளைக்கும் போட்டுட்டு வா. வந்து என்னென்ன சாமான் வந்திருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லு."

மறுநாள் காலை ஊர் மண்டபத்தில் தாய்மார்கள் பாய்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசேமாதா மண்டியிட்டு ஒவ்வொரு குழந்தையாக ஊசி போட்டாள். மருந்து நன்றாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது. குழந்தைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழுதன. இருபத்திரண்டாவது குழந்தையின் கையைப் பஞ்சால் துடைக்கும்போது, மூலையில் இருந்த ரேடியோ டெலிபோன் அடித்தது. சமிசோனி எடுத்தார். டாக்டர் இசிகேலியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"தலைவரே, சின்ன சரிபார்ப்பு. உங்க தீவுல நர்ஸ் இருக்காங்களா?"

மண்டபத்தில் அத்தனை பெண்களும் சமிசோனியைப் பார்த்தார்கள். அவர் வாசேமாதாவைப் பார்த்தார்.

"இல்லைங்க. யாரும் இல்லைங்க."

ஊசி பட்ட குழந்தை வீறிட்டது.

"என்ன சத்தம் அது?"

"பிள்ளைங்க அழுதுங்க. நர்ஸ் இல்லைன்னு."

"ரொம்ப நல்லது," என்றார் டாக்டர். "அப்படியே இருங்க. சிவப்பு நிலைக்கும். காலியா இருக்கிற அந்த நர்ஸ் பதவிக்காகத்தான் கூப்பிட்டேன். ஆள் போட மாட்டோம், ஆனா அந்தப் பதவிக்கு ரெண்டு அறையோட புது வீடு கட்டறோம். ஒழுகாத கூரை. தனியா ஒரு படகு. வருஷத்துக்கு ஒரு தடவை ஹோட்டல்ல பயிற்சி, நீச்சல்குளம் உள்ள ஹோட்டல். அர்ப்பணிப்புக்கு ஒரு விருதும் இருக்கு, அதை நாற்காலியில வெச்சுருங்க."

பதினொரு வருடம் ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்துத் தூங்கியவள் ஊசியும் கையுமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்பது குழந்தைகள் பாக்கி. அடுத்த குழந்தையை மடியில் இழுத்து உட்காரவைத்தாள். அந்த இல்லாத நர்ஸ் மேல் அப்போது அவளுக்கு வந்த பொறாமை, லுசியானா மேல்கூட ஒருநாளும் வந்ததில்லை.